இரண்டாவது சாட்சி

ரங்கூனிலிருந்து திரும்பி வந்த முதல் வருஷம் எனக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை. அங்கே ஓர் அரிசி ஆலையின் கப்பல் பிரிவில் பன்னிரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பெங்களூரில் ஜோகுபாளையத்தில் மாமனார் வீட்டில் தங்கியிருந்தோம். ரங்கூனில் முதல் குண்டு விழுந்த சில வாரங்களிலேயே மனைவியையும் ஐந்து வயது மகளையும் கப்பலில் மதராஸுக்கு அனுப்பிவிட்டேன். நானும் என் மனைவியின் தம்பியும் அதே ஆலையில் வேலை பார்த்ததால் பின்தங்கினோம். பிறகு கப்பலும் நின்றுபோய், காட்டுவழியே கால்நடையாக இந்தியாவுக்குக் கிளம்பினோம். வந்து சேர்ந்தது நான் மட்டும்.

மாமனார் வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அதுதான் பெரிய பாரமாக இருந்தது. மாமியார் எனக்குத்தான் முதலில் இலை போடுவார். மாமனார் மைசூர் சமஸ்தானத்தில் சர்வே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம் பேசும்போது என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசுவார். கோலாரிலிருந்து துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர் பக்கத்து அறையில் சொன்னது என் காதில் விழுந்தது. சம்பளத்தை விட மனசில்லாமல் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, குண்டு தலைமேல் விழும்போது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பையனையும் காட்டுக்குள் இழுத்துப்போய்விட்டேனாம். அதற்கு மாமனார் பதில் சொல்லவில்லை. நானும் எழுந்துபோய் மறுக்கவில்லை. மறுத்தால் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தெம்பில்லை. என் மனைவியும் எதுவும் கேட்கவில்லை. வழியில் பேதி கண்டு போய்விட்டான் என்று வந்த அன்று நான் சொன்னதோடு சரி.

காலையில் சாப்பிட்டதும் காக்ஸ் டவுனுக்கு நடந்துவிடுவேன். அங்கே மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலை இருந்தது. பத்திரிகைகளில் 'ஆள் தேவை' விளம்பரங்களைப் பார்த்து முகவரி எழுதிக்கொள்வதற்காகத்தான் போவேன். ஒருநாள் மேஜையில் ஓர் ஆங்கில இதழ் கிடந்தது. சாம்பல் கலந்த நீல அட்டை, படம் கிடையாது. உலக விவகாரங்களையும் அரசாங்கங்களின் கொள்கைகளையும் ஆராய்வதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம் பெங்களூர் கண்டோன்மெண்டிலேயே அச்சாகி வந்த இதழ் அது. கட்டுரைகளின் தலைப்பை அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். மூன்றாவது தலைப்பில் பர்மா என்ற சொல் இருந்தது.

பக்கங்களின் ஓரம் இன்னும் வெட்டப்படவில்லை. எனக்கு முன்னால் அதை யாரும் தொடவில்லை என்பது அதிலிருந்தே தெரிந்தது. வாசகசாலைக்காரரிடம் கத்தி வாங்கி ஒவ்வொரு தாளாகப் பிரித்துக்கொண்டே படித்தேன்.

கட்டுரையை எழுதியவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். யுத்தத்தால் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயரும்போது அரசாங்கங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது விஷயம். நல்ல கட்டுரை. முகாம்களில் மருந்து போதவில்லை, அரிசி நேரத்துக்கு வரவில்லை என்றெல்லாம் எங்கள் பக்கமாகவே பேசியிருந்தார். ஆனால் நடுவில் ஒரு வரி வந்தது. வழியில் நேர்ந்த சாவுகளுக்குப் பெரும்பாலும், போதிய ஆயத்தம் இல்லாமல் அவசரப்பட்டுக் கிளம்பியவர்களின் முன்யோசனைக் குறைவே காரணம் என்று அந்த வரி சொன்னது.

கோலார் உறவினர் பேசியதை யாரோ நல்ல ஆங்கிலத்தில் அச்சடித்துப் போட்டதுபோல் இருந்தது. கத்தியை மேஜையில் வைத்தேன். பிறகு அந்த வரியையும் பக்க எண்ணையும், கடைசிப் பக்கத்தில் இருந்த இதழாசிரியரின் முகவரியையும் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் உட்கார்ந்து நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். எனக்குத் தெரிந்தது ஆபீஸ் ஆங்கிலம்தான். பொருள், பார்வை என்று மேலே போட்டு, ஆலையில் துரைமார் எழுதுகிற மாதிரி எண் போட்டுப் பத்தி பத்தியாக எழுதினேன். ஆலை ஊழியர் யாரும் உத்தரவு இல்லாமல் ஊரை விடக்கூடாது என்று இருந்தது. உத்தரவு வந்த அன்றே நாங்கள் புறப்பட்டோம். ஆற்றங்கரை முகாமில் அனுமதிச் சீட்டுக்காகப் பதினோரு நாள் நிறுத்திவைத்தார்கள். அந்தப் பதினோரு நாளில்தான் முகாமில் பேதி பரவியது. சீட்டு கிடைத்தபோது எங்களுக்குக் காட்டிய பாதை வேறு, வெள்ளைக்காரர்களுக்குக் காட்டிய பாதை வேறு. தபாலில் போட்டேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை.

பத்து நாள் கழித்து வீட்டு வாசலில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. இறங்கியவர் ஒரு பெண்மணி. என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். வெள்ளைக் கைத்தறிப் புடவை, தடித்த கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் என் கடிதம் இருந்தது. இதழின் ஆசிரியர் அவர்தான். அட்டையில் முதலெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டுமே இருந்ததால் ஆண் என்று நினைத்து 'ஐயா' என்று கடிதத்தைத் தொடங்கியிருந்தேன். அவர் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் தன் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அந்த வீட்டின் முன்னறையில்தான் இதழின் ஆபீஸ். இத்தனையும் சொல்லிவிட்டு, நான் 'ஐயா' என்று எழுதியது பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்த லெட்டரை நான் அச்சில போடணும். கட்டுரை வந்த அதே எழுத்துல, முன்பக்கத்துல. அதுக்கு முன்னாடி ஒண்ணு வேணும். நீங்க சொல்ற ஒவ்வொரு விஷயத்துக்கும் இன்னொரு ஆள் சாட்சி சொல்லணும்."

எனக்குச் சுருக்கென்றது. "நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்களாம்மா?"

"இல்ல, நம்பறேன். கட்டுரை எழுதினவரையும் நம்பத்தான் நம்பினேன். பெரிய படிப்பு, பெரிய பேரு. அதனால அந்த வரிக்கு ஆதாரம் எங்கேன்னு கேக்காம விட்டுட்டேன். அந்தத் தப்பு என்னுது. திருத்தறப்போ மறுபடியும் அதையே பண்ணக் கூடாது."

தன் தவறு என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிற மேலதிகாரி யாரையும் நான் அதுவரை பார்த்ததில்லை. என் ஆலையில் ஒரு கப்பல் தவறான துறைமுகத்துக்குப் போனால்கூட அது எந்தக் குமாஸ்தாவின் தவறு என்றுதான் தேடுவார்கள்.

சாட்சி தேடிப் புறப்பட்டேன். வேலை தேடி அலைந்த அதே கால்தான். ஆனால் நடை வேறாக இருந்தது. பர்மாவிலிருந்து வந்தவர்கள் ஊரில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் வாசலில் நின்று கேட்டேன். சிலர் பேச மறுத்தார்கள். சிலர் பேசினார்கள், ஆனால் நாளும் இடமும் கலந்துபோயிருந்தது. கடைசியில் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் எண்ணெய்க் கிணறுகளில் ஃபிட்டராக இருந்தவர். உத்தரவுக்காகக் காத்திருந்ததைப் பற்றி அவர் சொன்னது என் கதையையே வேறு ஆள் சொல்வதுபோல் இருந்தது.

இன்னொருவர் லிங்கராஜபுரத்தில் இருந்த ஒரு கத்தோலிக்க நர்ஸ். ரங்கூன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். நாங்கள் இருந்த அதே ஆற்றங்கரை முகாமில்தான் அவரும் இருந்திருக்கிறார். கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. எத்தனை நாள் நிறுத்திவைத்தார்கள் என்று கேட்டேன். அவர் விரல் மடக்கி எண்ணவில்லை.

"குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தோம். பெரிய வெள்ளி அங்கதான். ஈஸ்டர் அன்னிக்கு ஒரு சாமியார் மரத்தடியில பூசை வெச்சாரு. மூணு நாள் கழிச்சு, புதன்கிழமை காலையில சீட்டு குடுத்தாங்க."

எழுதிக் கூட்டிப் பார்த்தேன். பதினோரு நாள், பன்னிரண்டாம் நாள் காலை. என் கணக்கும் அதுவே. அந்த அம்மாளின் வீட்டுக் கூடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொன்னது உண்மை என்று எனக்கே அன்றைக்குத்தான் உறுதியான மாதிரி இருந்தது.

இதற்கிடையில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் காக்ஸ் டவுன் வீட்டு முன்னறைக்குப் போய்வந்தேன். சுவர் முழுக்க அலமாரி. வெளிநாட்டு இதழ்கள் கப்பலில் ஐந்தாறு மாதம் தாமதமாக, உறையின் ஓரத்தில் தணிக்கைச் சீட்டு ஒட்டி வந்துகொண்டிருந்தன. யுத்தத்தில் காகிதம் கிடைக்காததால் இதழ் பாதியாக மெலிந்திருந்தது. கல்லூரியிலிருந்து வந்து ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு அவர் உட்கார்ந்தால் விளக்கேற்றும் நேரம் வரை எழுந்திருக்க மாட்டார். ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு அடிக்குறிப்பையும் அந்தந்தப் புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். புத்தகம் ஊரில் இல்லையென்றால் இருக்கிற ஊருக்குக் கடிதம் எழுதுவார். இதற்காக அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் கடிதத்தை வரிவரியாக எடுத்துக்கொண்டோம். ஓரிடத்தில், இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் இருந்தோம், இது மனிதத்தன்மையற்ற செயல் என்று எழுதியிருந்தேன். அவர் பென்சிலால் பின்பாதியை அடித்தார்.

"ரெண்டு நாள் தண்ணி இல்லைன்னு சொல்லியாச்சே. அதுக்கு மேல இந்த வார்த்தை எதுக்கு? படிக்கிறவங்களே சொல்லிக்குவாங்க."

அடித்த பிறகு படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

ஒருநாள் அவரே மறுபடி ஜோகுபாளையத்துக்கு வந்தார். சாட்சிகளின் வாக்குமூலத்தையும் என் கடிதத்தையும் சேர்த்துத் திருத்திய பிரதியைக் காட்டுவதற்காக வந்திருந்தார். மகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். மனைவி உள்ளே அடுப்படியில் இருந்தாள். மாமனார் தன் அறையில் படுத்திருந்தார். ஆசிரியை காகிதத்தைப் புரட்டிவிட்டு, எதையோ கேட்கலாமா என்று யோசிப்பதுபோல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மொதல் ரெண்டு பக்கத்துல எல்லா இடத்துலயும் 'நாங்கள்'னு எழுதியிருக்கீங்க. மூணாம் பக்கத்துலருந்து 'நான்'. கை தவறி வந்ததா?"

நான் அந்த மூன்றாம் பக்கத்தை வாங்கிப் பார்த்தேன்.

"வேண்டாம்னா சொல்ல வேண்டாம்," என்றார். "இந்த லெட்டருக்கு அது தேவையும் இல்ல."

ஆனால் அவர் கேட்ட விதத்தில் நான் சொல்லிவிட்டேன். என் மைத்துனனுக்கு இருபத்தாறு வயது. ஆலையில் டைப்பிஸ்ட். என்னைவிட அவன்தான் முன்யோசனைக்காரன். ஊரை விட உத்தரவு வருவதற்கு மூன்று வாரம் முன்பே காட்டுவழிக்கு வேண்டியதையெல்லாம் சேர்க்க ஆரம்பித்தான். நாலு பேரைக் கேட்டு ஒரு பட்டியல் போட்டான். மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை, தீப்பெட்டிகளை அடைத்து மெழுகு வைத்த போத்தல், வறுத்த அரிசிமாவு, வெல்லம், இருவருக்கும் புது பூட்ஸ், தண்ணீர் காய்ச்ச மூடி போட்ட பாத்திரம். வாங்க வாங்கத் தேதி போட்டுக் கோடு இழுத்துக்கொண்டே வந்தான். முகாமில் நிறுத்திய பதினோரு நாளில் அதில் பாதி தீர்ந்தது. குழந்தைகள் வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு மாவில் பங்கு கொடுத்தான். சீட்டு கிடைத்து நடக்க ஆரம்பித்தபோதே அவனுக்கு உடம்பு சரியில்லை. முகாமின் தண்ணீர்தான். மூன்றாவது நாள் நடையில் ஒரு மூங்கில் கொட்டகையில் படுத்தான். இரண்டு நாள் அங்கேயே இருந்தோம். பிறகு நான் மட்டும் நடந்தேன்.

சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினால் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"நீங்க பக்கத்துலயே இருந்தீங்களா?" என்று கேட்டாள்.

"இருந்தேன்."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும். மறுநாள் காலையில அங்க இருந்த நாலு பேரோட சேர்ந்து மண்ணு போட்டுட்டுத்தான் கிளம்பினேன்."

அவள் கேட்க நினைத்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. ஒரு வருஷமாக அதை மனசில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவனை விட்டுவிட்டு வந்துவிட்டேனோ என்று. நான் எழுந்துபோய் என் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஆலையின் பாக்கெட் டைரியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். பட்டியல் அதில்தான் இருந்தது, அவன் கையெழுத்திலேயே. அதைக் காட்டினால் புண்ணைக் கிளறியதாகும் என்று இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு நேரே தன் அப்பாவின் அறைக்குப் போனாள்.

ஆசிரியை அந்த டைரியைப் பார்க்கக்கூட இல்லை. காகிதங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். தன் இதழுக்கு வேண்டிய மிக உறுதியான சாட்சி அந்த அறைக்குள் போகிறது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இருந்தும் கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் அவர் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டேதான் போகிறது.

ஒரு வாரம் கழித்து என் மனைவி தானே காக்ஸ் டவுனுக்கு வருவதாகச் சொன்னாள். புடவைத் தலைப்பில் டைரியைச் சுற்றிக் கொண்டுவந்தாள். மேஜைமேல் அதை வைத்துவிட்டு, "எங்க அப்பா குடுத்தனுப்பினாரு. அவன் ரெடியாத்தான் இருந்தான்னு போடுங்க," என்றாள். ஆசிரியை எழுந்து நின்று இரண்டு கையாலும் அதை எடுத்தார். அச்சானதும் அப்படியே திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். என் மனைவி அந்த ரசீதைப் பல வருஷம் வைத்திருந்தாள்.

அந்தக் கட்டுரையை எழுதிய பேராசிரியர் சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. தான் எழுதியது அதிகாரிகளின் அறிக்கையில் உள்ளது, ஒரு குமாஸ்தாவின் கடிதத்துக்காக அதை மாற்ற முடியாது என்று இரண்டு முறை பதில் எழுதியிருந்தார். வேண்டுமானால் கடைசிப் பக்கத்தில் வாசகர் கடிதமாகச் சின்ன எழுத்தில் போடலாம் என்றும் சொன்னாராம். தப்பு எந்த இடத்தில் நின்றதோ திருத்தமும் அந்த இடத்தில்தான் நிற்கும் என்று ஆசிரியை எழுதியிருக்கிறார். டைரி வந்த பிறகு அவரை நேரில் வரச் சொன்னார். என்னையும் கூப்பிட்டிருந்தார்.

நரைத்த மனிதர், சால்வை போர்த்தியிருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு டைரியை வாங்கினார். தேதிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் இழுத்திருந்த கோட்டைப் பார்த்தார். கடைசி வரியில் 'அக்கா குழந்தைக்கு ரப்பர் பந்து' என்று இருந்தது. அதற்கும் கோடு போட்டிருந்தது. அந்த வரி தமிழில் இருந்ததால் அதை மட்டும் கொஞ்சம் நிதானித்துப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரிப்போர்ட்ல இருந்தத நான் அப்படியே எடுத்துட்டேன். எழுதினவங்க யாரு, எங்க உக்காந்து எழுதினாங்கன்னு யோசிக்கல," என்றார். "உங்க லெட்டருக்கு மேல நானே ஒரு குறிப்பு எழுதறேன். உங்களுக்கு ஆட்சேபம் இல்லேன்னா."

எனக்கு என்ன ஆட்சேபம்? அங்கேயே உட்கார்ந்து, அவருடைய பேனாவில் மை தீர்ந்து ஆசிரியையின் பேனாவை வாங்கி, அரைப் பக்கம் எழுதினார். தன் கட்டுரையின் அந்த வரி தவறு, அதை நீக்கிப் படிக்கவும், காரணம் கீழே உள்ள கடிதத்தில் இருக்கிறது என்பது அதன் சாரம். சாக்குப்போக்கு ஒன்றும் இல்லை. அவ்வளவு படித்த ஒருவர் தன் கையால் தன் வரியை வெட்டியதை நான் கண்ணால் பார்த்தேன்.

யுத்தகாலம் என்பதால் அச்சுக்கு முன்பே பக்கங்களைத் தணிக்கைக்குக் காட்ட வேண்டும் என்று ஆசிரியை கருதினார். அங்கிருந்து நிறையக் கோடுகளோடு திரும்பி வந்தது. ஊர்ப் பெயர்களும் ஆற்றின் பெயரும் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். இரண்டு பாதைகள் பற்றிய பத்திக்காக மூன்று முறை போய்வந்து, அதில் பாதியைக் காப்பாற்றினார். பதினோரு நாள் என்ற சொல்லை மட்டும் தொடவே விடவில்லை.

இதழ் வெளிவந்தது. முதல் பக்கத்திலேயே பேராசிரியரின் குறிப்பு, அடுத்து என் கடிதம், அதன் கீழே நர்ஸின் வாக்குமூலமும் ஃபிட்டரின் வாக்குமூலமும், பிறகு மைத்துனனின் பட்டியல், தமிழில் இருந்த கடைசி வரியை மட்டும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து. அதைப் படித்து எந்த அரசாங்கமும் எதையும் மாற்றியதாக எனக்குத் தெரியாது. ஆனால் முகவரி இல்லாமல், இதழின் பெயரை மட்டும் போட்டுக் கடிதங்கள் வந்தன. சித்தூரிலிருந்து ஒருவர், கும்பகோணத்திலிருந்து ஒருவர், கடலூரிலிருந்து ஒரு விதவை. எல்லாரும் அதே வழியில் யாரையோ இழந்தவர்கள். ஆங்கிலம் தெரிந்த யாரோ படித்துச் சொல்லக் கேட்டு எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் போட்டோம்.

மாமனாருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். இதழை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூக்குக்கண்ணாடியோடு பட்டியல் இருந்த பக்கத்தில் இருந்தார். அவர் தினமும் விடிந்ததும் அல்சூர் ஏரிக்கரையைத் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வருவார். யாரையும் கூப்பிட மாட்டார். மறுநாள் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்கட்டுக்கு வந்து நின்றார்.

"மாப்ள, செருப்பு போட்டுக்குங்க. ஸ்வல்ப தூரம் நடந்துட்டு வரலாம்," என்றார்.

ஏரிக்கரையில் பாதி தூரம் நடந்தோம். பிறகு, அந்தக் கொட்டகை எந்தத் திசையில் இருந்தது, பக்கத்தில் ஓடை இருந்ததா, நிலம் மேடா பள்ளமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்வே இலாகா மனிதர் இல்லையா, மகன் இருக்கிற இடத்தை மனசில் குறித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று புரிந்தது. ஞாபகம் இருந்தவரை சொன்னேன். கரை முடிகிற இடத்தில் என் தோளில் கையை வைத்துக்கொண்டார். கால் வலிக்காக இருக்கலாம். வீடு வரை எடுக்கவில்லை.

அந்த வருஷமே ஆசிரியை என்னை இதழுக்கு வேலை செய்யக் கேட்டார். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு கட்டுரையையும் படித்து, இது எங்கிருந்து வந்தது, யார் பார்த்தது என்று ஓரத்தில் கேள்வி போடுவதுதான் வேலை. பெரிய பட்டம் பெற்றவர்களின் கட்டுரையில் நான் கேள்வி போடுவதா என்று தயங்கினேன். உங்களுக்குக் கேள்வி வரும் இடத்தில் படிக்கிறவருக்கும் வரும், கேளுங்கள் என்றார். பகலில் ஒரு மருந்துக் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. சாயங்காலம் காக்ஸ் டவுன். யுத்தம் முடிந்த பிறகும் நான்கு வருஷம் அப்படியே ஓடியது. எத்தனையோ நாடுகளின் எல்லைகளும் ஒப்பந்தங்களும் எங்கள் மேஜைக்கு வந்தன. அவற்றில் எனக்குப் பாதி புரியாது. ஆனால் ஆதாரம் இல்லாத வரி எது என்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

ஒருமுறை ஆசிரியையே ஒரு கட்டுரை எழுதினார். வளரும் நகரங்களுக்குக் குடிநீர் கொடுப்பது பற்றி. மிகவும் உழைத்து எழுதியது. முடிவுக்குச் சற்று முன்னால், கண்டோன்மெண்டின் ஏழைத் தெருக்கள் சிலவற்றில் இப்போது குழாய் வந்துவிட்டது, மனசு வைத்தால் முடியும் என்பதற்கு இதுவே உதாரணம் என்று அழகான ஒரு பத்தி. அதில் ஒரு தெரு எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. குழாய் வந்தது உண்மை. தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தேன். கடைசியில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன்.

மறுநாள் காலையில் கல்லூரிக்குப் போகும் முன் அவர் ஜோகுபாளையத்துக்கு வந்துவிட்டார். இருவரும் அந்தத் தெருவுக்குப் போனோம். குழாயடியில் குடங்கள் வரிசையாகக் காலியாக இருந்தன. நின்றிருந்த பெண்களிடம் தண்ணீர் எப்போது வரும் என்று அவரே கேட்டார். திறப்புவிழா அன்றைக்கு வந்தது என்று ஒருத்தி சொன்னாள். குழாயைத் திருகிப் பார்த்தார். காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

அங்கிருந்து கல்லூரிக்குப் போகாமல் நேரே அச்சாபீஸுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். பக்கம் கோத்துத் தயாராக இருந்தது. அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார். பத்து நிமிஷ வேலை இல்லை அது. மூன்று பக்கத்தை அவிழ்த்து மறுபடி கோக்க வேண்டும். எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டருக்கு எரிச்சல். நல்லாத்தானே இருக்கு, எதுக்கும்மா எடுக்கணும் என்று கேட்டார்.

"நேர்ல போய்ப் பாக்காம எழுதிட்டேங்க," என்று சொல்லிவிட்டு, பக்கம் திரும்பக் கோத்து முடியும் வரை அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.